ஆறடி ஐந்தங்குலம்

அமெரிக்காவிலிருந்து வருகிற ஒருவன் என் முன்னால் நேராக நிற்கிறான் என்றால் நான் நம்ப மாட்டேன். நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மணிலாவில் எங்கள் கூடைப்பந்து லீக்கில் ஒரு அணி ஒரு நேரத்தில் ஒரு அமெரிக்கனை ஆட இறக்கலாம். இம்போர்ட் என்போம். அவன் ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் பையன்கள் ஆறடியைத் தொட்டாலே பெரிது. ஏழடிக்காரனைக் கொண்டுவந்து நடுவில் இறக்கிவிட்டால் அப்புறம் அது என்ன ஆட்டம்? அதனால் சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு இம்போர்ட்டும் லீக் ஆபீஸுக்கு வந்து, வெறுங்காலோடு, சுவரோடு சுவராக நின்று என்னிடம் அளவு கொடுக்க வேண்டும். ஒரு கோடு கூடினாலும் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

என் பெயர் நெமெசியோ. முட்டி தேயும்வரை நடுவராக விசில் ஊதினேன். தேய்ந்த பிறகு இந்த அளக்கிற வேலையைக் கொடுத்தார்கள். முன்கோபி என்று என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும். வருகிறவன் எல்லாம் என் காதில் பூச்சுற்றப் பார்த்தால் கோபம் வராமல் வேறு என்ன வரும்? முந்தின நாள் முழுக்க உட்கார விடாமல் ஓட வைத்துக் கூட்டிவருவார்கள். தோளில் அரிசி மூட்டையை ஏற்றி மாடிப்படி ஏறச் சொல்வார்கள். முதுகெலும்பு அமுங்கிக் கால் அங்குலம் குறையுமாம். குறையத்தான் செய்கிறது, அதுதான் எரிச்சல். ஒருத்தன் மொட்டையடித்துக்கொண்டு வந்தான். இன்னொருத்தன் தொளதொள பேண்டுக்குள் முட்டியை மடக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கூரையைப் பார்த்தான். அன்றிலிருந்து அரைக்கால் சட்டை போட்டால்தான் அறைக்குள் விடுவேன். அளக்குமுன் முட்டியில் ஒரு தட்டு, தாடையில் ஒரு தட்டு. "நிமிர்ந்து நில்லு தம்பி. உங்கம்மா உன்னைக் கூனனாவா பெத்தா?"

தெரோன் பிக்கெட்டுக்கும் முதல் வருஷம் அந்தத் தட்டு விழுந்தது. கார்மேலா சோப்பு கம்பெனி அணிக்காக வந்திருந்தான். முட்டியில் தட்டினேன், முட்டி ஏற்கெனவே நேராக இருந்தது. தாடையும் அப்படித்தான். அளவுப் பலகையின் மரக்கட்டையை மேலிருந்து இறக்கினேன். தலையில் போய் உட்கார்ந்தது, முள் ஆறடி ஐந்தில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உன்னைப் பத்தி வந்த தாள்ல ஆறடி எட்டுன்னு போட்டிருக்கே?" என்றேன்.

"எங்க ஊர்ல எல்லாரும் கூட்டித்தான் போட்டுக்குவோம் சார். அங்கே உயரமா இருந்தாத்தான் வேலை."

"இங்கே?"

"இங்கே நான் இருக்கிறபடி இருந்தாப் போதும்னாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

அவன் கதையை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். இண்டியானாவில் சோளக்காடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுத்து இவனை வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் இவன்தான் எல்லாரையும்விட உயரம் என்று கூடைக்கு அடியில் நிறுத்தினார்கள். முதுகைக் கொடுத்து இடித்துத் தள்ளி, பந்தை வாங்கிப் போடுகிற இடம் அது. வேறு ஆட்டம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினாறு வயதில் வளர்ச்சி நின்றுபோயிற்று. பெரிய லீக்கில் அந்த இடத்துக்கு ஏழடிக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். "நல்லா ஆடற. ஆனா குள்ளம்," என்று இரண்டு முகாம்களிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆறடி ஐந்தங்குலத்தைக் குள்ளம் என்று சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது?

அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேசம் தேசமாகப் போனான். போலந்தில் பனி மூடிய ஒரு சுரங்க ஊர். அங்கே எதிரே நின்றவர்கள் எல்லாரும் இவனைவிட ஒரு தலை உயரம். சைப்ரஸில் பாதி சீசன். வெனிசுவேலாவில் முழங்கையால் இடி வாங்கித்தான் அந்தப் பல் போனது. தோற்றால் இவனைத்தான் அனுப்புவார்கள். ஜெயித்தாலும் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள், அதற்குள் இன்னும் உயரமானவன் ஒருத்தன் கிடைத்திருப்பான். கடைசியாக இங்கே வந்து சேர்ந்தான். இங்கே சட்டப்படி அவனைவிட உயரமான அமெரிக்கன் வரவே முடியாது. அவன் உடம்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உலகத்தில் ஒரே ஒரு லீக் இருந்தது, அது எங்களுடையது. அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் என் பலகைக்கு அடியில் நிற்கும்போது அவன் உள்ளங்கை வேர்த்தது. அந்த முள் ஒரு கோடு ஏறினால் அவனுக்குப் போக வேறு இடம் கிடையாது.

முதல் வருஷமே கோப்பையை வாங்கிக் கொடுத்தான். அதோடு ஊர் அவனுடையதாகிவிட்டது. சோப்பு டப்பாவில் அவன் படம். பாசிக் சந்தையில் மீன்காரிகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிடுவார்கள். "தெரோன், என் மகளைக் கட்டிக்கிறியா?"

"மகளுக்கு என்ன வயசு அக்கா?"

"ஆறு."

"அப்ப நான் காத்திருக்கேன். நீங்க சீக்கிரம் வளர்த்துவிடுங்க."

எங்கள் பாஷையை அவன் கல்லும் மண்ணுமாகத்தான் பேசுவான், ஆனால் பேசிவிடுவான். ஜீப்னி வண்டியில் சனங்களோடு தலை இடிக்க உட்கார்ந்து வருவான். கருவாட்டைக் காடியில் தோய்த்து, கையாலேயே சோற்றோடு சாப்பிடுவான். அவன் போகிற இடமெல்லாம் கூட்டம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ஊரில் ஒருத்தன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் பக்கத்து மேஜைக்காரன் தட்டோடு எழுந்து வந்துவிடுவான். இவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இம்போர்ட்டுக்கு என்ன குறை என்று எல்லாருக்கும் நினைப்பு.

கம்பெனி அவனுக்கு ஒரு கோபுரக் கட்டடத்தில் இருபத்தோராம் மாடியில் வீடு கொடுத்திருந்தது. பயிற்சி முடிந்ததும் மற்ற ஆட்டக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளிடம் ஓடுவார்கள். இவன் லிஃப்டில் ஏறுவான். இங்கே மத்தியானம் என்றால் அவன் ஊரில் அர்த்தராத்திரி. யாருக்கும் போன் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு லீக் ஆபீஸுக்கு வருவான். "இந்த வருஷ அட்டவணை ஒண்ணு வேணும்ண்ணே," என்பான். போன வாரம்தான் வாங்கிப் போயிருப்பான். பேசாமல் எடுத்துக் கொடுப்பேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பான்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் வீடு என்ன வீடு, இரண்டு அறை. என் பெண்டாட்டி லுவால்ஹாதி, மூன்று பிள்ளைகள், மருமகள், அவள் தங்கச்சி, பேரக்குழந்தைகள், கரோக்கே மெஷின். சாப்பிட்டுவிட்டுத் தரையில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். கால் இரண்டும் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெருவே வந்து அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பக்கத்து வீட்டு இஸ்கோ தன் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தான். நான் எழுப்பப் போனேன்.

"விடுங்க," என்றாள் லுவா. "இந்தக் கூச்சல்ல ஒரு மனுஷன் இப்படித் தூங்கறான்னா, அவன் இருக்கிற இடத்துல சத்தமே இல்லைன்னு அர்த்தம்."

அளக்கும்போது அவனிடம் மட்டும் நான் ஒன்று கேட்பேன், அம்மா எப்படி இருக்காங்க என்று. ஐந்தாவது வருஷமோ ஆறாவது வருஷமோ, கட்டையை இறக்கிக்கொண்டே கேட்டேன்.

"போயிட்டாங்கண்ணே."

"எப்போ?"

"போன சீசன்ல. அரையிறுதி அன்னிக்குக் காலையில."

எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த அரையிறுதியில் அவன் நாற்பது புள்ளிக்கு மேல் எடுத்தான். ஆட்டம் முடிந்ததும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நானும் கை தட்டினேன்.

"ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

முள் ஆறடி ஐந்தில் நின்றது. எழுதிக்கொண்டேன். அவன் ஷூவை மாட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு முழுக்க ஆபீஸில் எல்லார் மீதும் எரிந்து விழுந்தேன்.

அம்மா போனபின் அவனுக்கு அங்கே வீடு என்று ஒன்று இல்லை. சீசன் முடிந்தால் ஒரு சித்தி மகன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, அடுத்த சீசனுக்காகத் தினமும் ஓடுவானாம். "சோபா அஞ்சடிதாண்ணே," என்று சிரிப்பான். கல்யாணம் ஒன்று ஆகி, அது போலந்திலேயே முடிந்துபோயிருந்தது. மூன்று மாதம் எங்களோடு, ஒன்பது மாதம் அந்த சோபாவில். அந்த மூன்று மாதத்துக்காகத்தான் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தோன்றும்.

அவன் வந்த பன்னிரண்டாவது வருஷம், வயது முப்பத்தெட்டு. முந்தின சீசனில் கார்மேலா சோப்பு முதல் சுற்றிலேயே தோற்றுப்போயிருந்தது. தெரோனால் பழைய மாதிரி எகிற முடியவில்லை. இடிக்கும் வலு இருந்தது, இறங்கும்போது முகம் சுருங்கியது. வேறு இம்போர்ட் எடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் எடுப்பது எப்படி? எங்கள் ஊரில் முகத்துக்கு நேராக 'நீ வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. மற்ற அணிகளில் இம்போர்ட்டை அனுப்புவதென்றால் முழுப் பன்றி சுட்டு விருந்து வைப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், தோளைத் தட்டுவார்கள். பாவம் அவனே புரிந்துகொண்டு பெட்டியைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் பயிற்சிக்குப் போகும்போது அவன் சட்டையை வேறொருத்தன் போட்டுக்கொண்டு நிற்பான். தெரோனிடம் அதையும் செய்ய முடியாது. சோப்பு டப்பாவில் அவன் படம் இருக்கிறது. அவனை விரட்டினார்கள் என்று தெரிந்தால் சனங்கள் அந்தச் சோப்பால் நாயைக்கூடக் குளிப்பாட்ட மாட்டார்கள்.

அளவு நாளன்று காலையில் அணி மேனேஜர் டெல்ஃபின் அவனைக் கூட்டிவந்தான். டெல்ஃபின் கெட்டவன் இல்லை. தெரோன் வந்த வருஷம்தான் அவனும் வேலைக்குச் சேர்ந்தான், அவன் மூத்த பையனுக்கு ஞானத் தகப்பன் தெரோன்தான். எப்போதும் போல மதியத்துக்கு மேல், ஆளைக் களைக்க வைத்துத்தான் கூட்டிவருவான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் காலை ஏழரைக்கே வந்துவிட்டார்கள். தெரோன் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தான். படுத்து எழுந்த உடம்பு காலையில் அளவில் கொஞ்சம் கூடித்தான் இருக்கும்.

"மூட்டை தூக்கலையா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"இல்லண்ணே. ரெண்டு நாளா படுத்தே இருக்கச் சொன்னாங்க. மசாஜ்காரர் வந்து காலைப் பிடிச்சு இழுத்து, முதுகை இழுத்து, ராஜா மாதிரி வெச்சிருக்காங்க."

டெல்ஃபின் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "நெமெ அண்ணே, இன்னிக்கு நல்லா நிமிர்த்தி நிக்க வெச்சு அளங்க. நாளைக்கு எங்களை யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது பாருங்க."

நான் அளக்க வந்த நாளிலிருந்து எந்த மேனேஜரும் என்னிடம் நிமிர்த்தச் சொன்னதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அணியின் வேனில் பின்சீட்டில், தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு இன்னொரு அமெரிக்கன் உட்கார்ந்திருந்தான். சின்னப் பையன், நீளமான கைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களால் சொல்ல முடியாததை என் பலகை சொல்ல வேண்டுமாம். கால் அங்குலம் கூடிவிட்டால் யார் மீதும் பழி இல்லை, சட்டம் அனுப்பிவிட்டது, அவ்வளவுதான்.

தெரோன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். அவனும் ஜன்னலைப் பார்த்தான்.

"அந்தப் பையன் பேர் என்னண்ணே?"

"எந்தப் பையன்?"

"சரி, விடுங்க," என்று எழுந்து வந்து சுவரில் முதுகை ஒட்டினான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். "அண்ணே, எனக்கு இந்த சீசன் வேணும். கொஞ்சம் குனிஞ்சா கண்டுக்காம இருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றேன்.

"தெரியும். சும்மா கேட்டேன்." கண்ணை மூடிக்கொண்டு நேராக நின்றான்.

கட்டையை இறக்கினேன். தலையில் உட்கார்ந்தது. முள்ளைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். முட்டியில் தட்டினேன், தாடையில் தட்டினேன், பின்மண்டை சுவரில் படுகிறதா என்று கையை விட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"கூடிடுச்சா?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"இல்லடா. ஆறடி நாலரை."

"அப்ப பாஸா?"

"பாஸ்."

பெருமூச்சு விட்டான். சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான் இருந்தது. "அரை அங்குலம் எங்கே போச்சு?" என்றான். படுத்தே இருந்து, இழுத்துவிட்டு, காலையில் முதல் வேலையாக வந்தும் அரை அங்குலம் குறைவு.

"வயசானா எல்லாரும் குறையறதுதான். எங்கப்பா கடைசியில என் தோளுக்கு வந்துட்டாரு," என்றேன்.

டெல்ஃபின் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "ரொம்ப சந்தோஷம் தெரோன், ரொம்ப ரொம்ப சந்தோஷம்," என்றான். ஆனால் முகம் வெள்ளத்தில் வீடு போனவன் முகம் மாதிரி இருந்தது. உடனே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை. "இல்ல சார், குறைஞ்சு போச்சு... எனக்கும் தெரியல சார்... நான் எப்படி சார் சொல்வேன், என் பையனுக்கு ஞானத் தகப்பன்... நீங்களே சொல்லிடுங்க சார்... அப்ப ரெண்டு பேரையும் வெச்சுக்குவோம், தெரோன் தானா புரிஞ்சுக்குவான்..." எங்கள் பாஷை தெரோனுக்கு இவ்வளவு நன்றாகப் புரியாமல் இருந்திருக்கலாம்.

அவன் ஷூவைக் கையில் எடுத்தான். மாட்டவில்லை.

"அண்ணே, மறு அளவு கேட்கலாம்ல? ரெண்டாவது அளவுதானே முடிவு?"

"அது கூடினவன் கேட்கிறது. உனக்கு எதுக்கு?"

"கூடினவன் மட்டும்தான் கேட்கணும்னு சட்டத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்ப அளங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா? இங்கேயிருந்து போனா எங்கடா போவே? அந்த அஞ்சடி சோபாவுக்கா? பேசாம இரு. உன்னைப் போன்னு சொல்ற தைரியம் இவனுங்க ஒருத்தனுக்கும் கிடையாது. சீசன் முழுக்க இருக்கலாம்."

"இருக்கலாம்ண்ணே. பெஞ்சுல. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க, தோளைத் தட்டுவாங்க, நான் எப்ப கிளம்புவேன்னு காத்துகிட்டிருப்பாங்க. டெல்ஃபின் என் கண்ணைப் பார்க்க முடியாம திரிவான். எனக்கு இந்த ஊரைத் தெரியும்." ஷூவைக் கீழே வைத்தான். "எங்க ஊர்ல குள்ளம்னு சொல்லி அனுப்பினாங்க. போலந்துலயும் அதேதான். போன இடத்துலெல்லாம் குள்ளம். இங்கேயிருந்தாவது உயரம்னு சொல்லி அனுப்பட்டுமே."

"நான் அளவுல பொய் சொல்ல மாட்டேன் தெரோன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். முள்ளை மட்டும் பாருங்க."

டெல்ஃபின் உள்ளே வந்தான். இம்போர்ட் மறு அளவு கேட்கிறான் என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரோன் சுவரில் முதுகை ஒட்டினான். நான் கட்டையைப் பிடித்தேன்.

இத்தனை வருஷமாக நான் பார்த்ததெல்லாம் முட்டிகளைத்தான். யாருடைய குதிகாலையும் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. அன்றைக்கும் நான் கீழே பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமலே தெரிந்தது. அவ்வளவு பெரிய உடம்பு மெல்ல மேலே வந்தது, கட்டை என் கையோடு மேலேறியது. கண்ணோரத்தில் அவன் கெண்டைக்கால் நடுங்குவது தெரிந்தது. முப்பத்தெட்டு வயது, தேய்ந்த முட்டி, நுனிக்காலில் நிற்கிறான். டெல்ஃபின் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். தெரோனின் குதிகால்களைப் பார்த்தான். பார்த்ததை நான் பார்த்தேன். அப்புறம் அவன் முகத்தைத் திருப்பிச் சுவரில் தொங்கின காலண்டரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான்.

"ஆறடி ஐந்தே கால்," என்று முள் காட்டியதைப் படித்தேன்.

தெரோன் கீழே இறங்கினான். "சட்டம்னா சட்டம்தான், நம்ம கையில என்ன இருக்கு," என்று சொன்ன டெல்ஃபின் அப்படியே தேம்பிவிட்டான். நடிப்பில்லை, நெஞ்சிலிருந்து வந்த அழுகை. தெரோன்தான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். மூன்று பேருக்கும் தெரியும், மூன்று பேரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரன்தான் அப்படிச் செய்வான். அவன் எங்களில் ஒருத்தனாகிவிட்டான் என்று எனக்கு உறைத்தபோது, அவனை அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்ற ரசிகர்களுக்கு விஷயம் தெரிந்ததும் எனக்குத்தான் அர்ச்சனை. "ஏய் நெமெ கிழவா, கண்ணாடியை மாத்துடா." "பன்னண்டு வருஷமா கூடாதது இன்னிக்கு எப்படிடா கூடுச்சு?" ஒரு செருப்பு வந்து என் தோளில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தெரோன் கையைத் தூக்கினான்.

"அவரைத் திட்டாதீங்க. உங்க ஊர்ச் சோறு என்னை வளர்த்துவிட்டுடுச்சு, அதான்," என்றான்.

சனங்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள். உயரம் கூடி இந்த லீக்கை விட்டுப் போன முதல் கிழவன் என்று எவனோ கத்தினான். அதற்கும் கைத்தட்டல். மீன்காரிகள் அவனைக் குனியவைத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் மாலை அவனுக்கு விமானம். அதே மாலைதான் கார்மேலா சோப்பின் முதல் ஆட்டம், கேலப் என்ற அந்தப் புதுப் பையன் இறங்குகிறான். அதனால் விமான நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். டெல்ஃபின் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பியிருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு அவனிடம் ஒரே ஒரு பெட்டி இருந்தது.

"யார் வருவாங்க கூட்டிப்போக?" என்றேன்.

"அங்கே பஸ் இருக்குண்ணே."

"சித்தி மகன்கிட்ட சொல்லியிருக்கேல்ல?"

"அவன் வீட்டை வித்துட்டு டெக்சஸ் போயிட்டான். இந்த சீசன் முடியறதுக்குள்ள ஏதாவது பார்த்துக்கலாம்னு நினைச்சேன்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்னடா? நான் அளந்திருக்கவே மாட்டேனே."

"அதனாலதான் சொல்லல," என்றான். வரிசை நகர்ந்தது. குனிந்து என்னைக் கட்டிக்கொண்டான், என் முகம் அவன் வயிற்றுக்கு மேல் அழுந்தியது. "லுவா அக்காகிட்ட சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டு மாம்பழக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனான். ஒரு பெண் அவனிடம் ஓடிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது தெருவில் பாதிப் பேர் என் வீட்டு டிவிக்கு முன்னால் இருந்தார்கள். கேலப் பறந்துகொண்டிருந்தான். முப்பத்தெட்டுப் புள்ளி ஆகிவிட்டது, இன்னும் ஒரு பகுதி ஆட்டம் பாக்கி. பேரப்பிள்ளைகள் மெத்தையில் குதித்தார்கள். மூன்று நாள் முன்னால் என் மேல் செருப்பை விட்டெறிந்த இஸ்கோ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நெமெ அண்ணே, நீங்க அன்னிக்குக் கறாரா அளந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க. இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்."

"அந்த டிவியை அணைங்கடா," என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிழவனுக்கு எப்பவும் போல மூக்குக்கு மேல் கோபம் என்று நினைத்திருப்பார்கள். என் மருமகள் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். அணைக்கவில்லை.